விளிம்பு

மொத்தம் அறுபத்துமூன்று பேர்.
குதிரையில் எட்டு, பீரங்கியோடு மூன்று.
கொடி பிடிப்பவனுக்கு மூக்கில்லை,
தெமட்டகொடைக்குப் போகிற வழியில்
ஓட்டோவுக்குள் விழுந்துவிட்டான்.

ஆளுக்கொரு வட்டம் காலடியில்,
இருபத்தைந்து மில்லிமீற்றர்.
மேசையில் எங்கே தூக்கி வைத்தாலும்
தான் நிற்கிற நிலத்தைத்
தானே கொண்டுபோகிறான்.

முதல் இருபது பேருக்கு
வெள்ளவத்தையில் தண்டவாளம் கடந்து
யோகட் கோப்பையில் அள்ளிய மணல்.
கழுவிக் காயவைக்க வேணுமென்று தெரியாது.
மே மாத மழைக்குள்
கபிலப் பெயின்ற்றைக் கிளப்பிக்கொண்டு
உப்புப் பூத்தது, வெள்ளை வெள்ளையாக.
படைக்கே படை வந்தது.
சொறியக் கை இல்லை,
எல்லாக் கையிலும் துவக்கு.

அடுத்த பதினெட்டும் கொட்டாஞ்சேனை அறையில்.
பக்கத்து வளவில் மாடி எழும்பிக்கொண்டிருந்தது;
ஆற்றுமணல் சும்மா கிடைத்தது.
பரும்மணல். ஒவ்வொரு குறுணியும்
அவர்கள் முழங்காலுக்கு ஒரு பாறை.
புல்லுக்கு, வடித்த தேயிலைச் சக்கையைக்
கடதாசியில் பரப்பிக் காயவைத்தேன்.
வீட்டுக்கார அன்ரி குப்பையென்று
இரண்டு தரம் கொட்டினா.
மூன்றாம் தரம் கேட்டா:
“பிள்ளை, இதுக்கு என்ன வருத்தம் மாறும்?”

பிறகு, கப்பல் வராத வருசம்.
பெற்றோலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை.
புறக்கோட்டையில் நான் போய்
பழைய போத்தலின் மூடியை நீட்டி
இதே பிறவுண் இருக்கா என்றேன்.
கடைக்காரர் என்னைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார்.
“பால்மாவே இல்லை, தங்கச்சி.”
சிவப்பில் மிச்சம், கறுப்பில் மிச்சம்,
கரண்ட் இல்லாத இரவில்
ஃபோன் வெளிச்சத்தில் கலந்தேன்.
விடியப் பார்த்தால்
பதினைந்து பேர் செங்கல் தூளில் நிற்கிறார்கள்.

கடைசிப் பத்தும் தெஹிவளை.
மண் வாங்கிக் கழுவி அரித்து
முறைப்படி செய்தது.
முறைப்படி செய்ததுதான்
ஒன்றோடும் சேரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இஃப்லால்
தன் படையைப் பரப்பிவிட்டு
(எண்பது பேர், ஒரே பனி, ஒரே வெள்ளை)
என்னுடையதைக் குனிந்து பார்த்தான்.
“இது படையா மச்சான்?
நாலு ஊர் ஆக்கள் பஸ்ஸுக்கு நிக்கிற மாரி ஈக்கி.”

அன்றிரவே கத்தி எடுத்தேன்.
சுடுதண்ணீரில் ஊறவைத்து
வெள்ளவத்தைக்காரன் ஒருவனைக் கிளப்பினேன்.
ஆள் வந்தான்.
குதிக்கால் வரவில்லை.
மணலுக்குள் சப்பாத்து நுனியளவு ஈயம்,
கொஞ்சம் மினுங்கிக்கொண்டு.
கத்தியை மூடிவிட்டேன்.

மண்ணைத் தொடவில்லை அதன்பிறகு.
வட்டத்தின் ஓரம் மட்டும்,
நகக்கண் அகலம்.
ஒரே போத்தல் கறுப்பு, ஒரே இருப்பில்,
அறுபத்துமூன்று தரம் விரலுக்குள் சுழற்றினேன்.
வத்தளையில் வாழ்க்கைப்பட்ட தங்கச்சி
ஃபோனில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்;
ம் என்றேன், ம் என்றேன்,
முப்பத்தேழாவது ஆளில் அழுதாள் என்று நினைக்கிறேன்.

மூன்றடி தள்ளி நின்று பார்த்தால்
படை.
கிட்டப் போனால்
நான் வாடகை கொடுத்த நாலு வீடு.

இஃப்லால் பார்த்தான். விளிம்பைப் பற்றி
ஒரு சொல்லும் இல்லை.
“மூக்க எப்ப வெக்கப் போற?” என்றான்,
ஆறு போட்டு
என் குதிரைகளில் இரண்டை எடுத்தான்.

வாற மாதம் கல்கிசைக்கு மாறுகிறேன்.
புரோக்கருக்குக் காசு கொடுத்தாயிற்று.
இந்த மணலில் ஒரு போத்தல் நிறைய அள்ளி
மூடியில் பெயின்ற் நம்பரும் எழுதி
உடுப்புப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்,
கசியாமல் இரண்டு பொலித்தீன் சுற்றி.

புதிதாக வந்த ஐந்து பேரும்
இன்னும் வட்டம் ஒட்டாதவர்கள்.
நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறேன்,
துவக்கைப் பிடித்தபடியே
பக்கவாட்டில் சாய்கிறார்கள்.