பத்து நிமிடப் பதிவு

பாயான் லெப்பாசில் பதினொரு வருஷமாக
நுண்ணோக்கிக்குக் கண்ணைக் கொடுத்துவிட்டுச்
சில்லுகளில் கீறல் தேடுகிறேன்.
கண்டால் சிவப்புத் தட்டு.
காணாமல் விட்டால் மேற்பார்வையாளர்.

சனிக்கிழமைகளில் மட்டும்
ஜெலுத்தோங் கடைவீடு, மூன்றாம் மாடி,
பாலர் கல்வி டிப்ளோமா.
மின்தூக்கி ஓடுவதில்லை.
கீழே சீனர் ஊதுபத்திக் கடை;
பாடக் குறிப்பெல்லாம் கோயில் வாசனை.
பக்கத்து மேசை ஹுவெய் லின்னுக்குப் பத்தொன்பது.
என்னை ஆன்ட்டி என்கிறாள்,
பிறகு நாக்கைக் கடித்துக்கொள்கிறாள்.

சேமநிதியில் எடுத்த காசு.
வீட்டுக்காரர் ஒரே ஒரு தரம் கேட்டார்:
சின்னப் பிள்ளைகளோடு விளையாட
எதுக்குச் சான்றிதழ்?
பதில் சொல்ல நேரமில்லை,
வீட்டுப்பாடம் இருந்தது.

ஒரு குழந்தையைப் பத்து நிமிடம் பார்.
பார்த்ததை எழுது.
அவ்வளவுதான் பணி.

சுங்கை ஆரா பாலர் பள்ளி.
தர்ஷ்வின், நான்கு வயது மூன்று மாதம்.
தமிழில் நினைத்து மலாயில் எழுதினேன்,
அடம் என்று நினைத்து டெகில் என்று எழுதினேன்,
இரண்டுக்கும் நடுவில் பிள்ளை விழுந்துவிட்டான்.
கூப்பிட்டால் வரமாட்டான்.
யாரோடும் சேரமாட்டான்.
போத்தல் மூடிகளைக் கட்டிக்கொண்டு கிடக்கிறான், பாவம்.

புவான் ரொஹாயா பென்சிலால் அடித்திருந்தார்,
நான்கு வரியில் மூன்றரையை.
ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒரு கேள்வி:
‘பாவம்’ எங்கே தெரிந்தது?
அவன் முகத்திலா, உங்கள் பேனாவிலா?

மறுவாரம் மறுபடி போனேன்.
முழங்கால் தாடையில் இடிக்கும் நாற்காலி.

9.10 நீல மூடி ஒன்றைத் தரையில் வைத்தான்.
9.11 இன்னொரு நீலம். இடைவெளி ஒரு விரல்.
9.13 சிவப்பு மூடி. எடுத்தான். வைக்கவில்லை.
9.14 ஆசிரியை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். தலை திரும்பவில்லை.
9.15 வெளியே குப்பை லாரி பின்வாங்கும் ஓசை. தலை திரும்பியது.
9.17 எழுந்தான். நடந்தான். ஏழு எட்டு.
9.18 சிவப்பு மூடியை என் கால் பெருவிரலுக்குப் பக்கத்தில் வைத்தான்.
இடைவெளி ஒரு விரல்.

9.19க்கு நேரே என் தாளில் ஒன்றுமில்லை.
9.20க்கும்.

அன்றிரவு என் மகன் ரூபன்
தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான்.
திமிர், என்று வாய் வரை வந்தது.
சோம்பேறி, வாயில்லாப் பூச்சி, அப்பனை உரித்து வைத்தவன்:
பதினாறு வருஷமாக நான் எழுதி வைத்திருக்கும் பதிவேடு.
யாரும் அதைப் பென்சிலால் தொட்டதில்லை.

8.40 கதவு சாத்தியது.
8.41 உள்ளே விசிறி.
8.44 தட்டில் மீன் பாதி. முள் தனியாக, ஓரமாக, வரிசையாக.
முள்ளை அவன் வரிசையாக வைப்பான் என்பது
எனக்கு இதுவரை தெரியாது.
8.50 கதவுக்கு வெளியே நான்.
தட்டவில்லை.
தட்டாததற்கு என்ன காரணம் என்று எழுதினால்
அதையும் அடித்துவிடுவார்.

திங்கள் இரவு வேலை.
தொப்பி, முகமூடி, வெள்ளை அங்கி,
கண்ணாடிக்கடியில் நாலாவது சில்லு.
இடது மூலையில் கிளம்பி,
சற்றே வளைந்து,
நடுவுக்கு வருமுன் நின்றுபோன ஒரு கோடு.
எங்கே போக நினைத்து நின்றதோ...
இல்லை. கோடு. நின்றிருக்கிறது. அவ்வளவுதான்.

பார்த்துக்கொண்டே இருந்ததில்
பின்னால் இரண்டு தட்டு சேர்ந்துவிட்டது.
அப்புறம் சிவப்பில் போட்டேன்.
அடுத்த பருவத்துக் கட்டணம்
பதினைந்தாம் தேதிக்குள்.