பன்னிரண்டு கிராம்

சனிக்கிழமை, மரீட்சா நதிப் பாலத்துக்கு அடியில்
தார்ப்பாய் விரித்துக் கடை போடுவார்கள்.
ப்ளோவ்டிவ் கண் விழிக்கும் முன்பே
நாங்கள் டார்ச் விளக்கோடு வந்துவிடுவோம்.

அசேன் கண் மருத்துவர்களின் எழுத்துப் பலகைகளைத் தேடுவான்.
மில்காவுக்கு நனைந்து காய்ந்த தீப்பெட்டி லேபிள்கள்;
நல்லதாக இருந்தால் தொடவே மாட்டாள்.
எனக்குப் பழைய ரேடியோவின் முகப்புக் கண்ணாடி.
ரேடியோ வேண்டாம்,
ஊர்ப்பெயர்கள் எழுதிய அந்தத் துண்டு போதும்.
என் வீட்டுச் சுவரில் அங்காராவும் ஓஸ்லோவும் அடுத்தடுத்து.
முள் இல்லை, சத்தம் இல்லை.
மனைவி கிளம்பிப் போனது இதனால் மட்டும் அல்ல.

ஸ்லாத்தோமிர் சேர்ப்பது எடைக்கற்கள்.
அதிலும் பொய் சொல்லும் கற்கள்:
அடியில் அரம் போட்டவை,
ஈயத்தைத் தோண்டி எடுத்துவிட்டு
மெழுகும் கரியும் திணித்து மூடியவை.
சின்னத் தராசு ஒன்றை எப்போதும் கையில் வைத்திருப்பான்.
விற்பவர் கண்ணெதிரே நிறுப்பான்.
எடை சரியாக இருந்தால் திருப்பித் தந்துவிடுவான்:
"யோக்கியமான கல். எனக்கு வேண்டாம்."

வீட்டில் நானூற்றுப் பதினொன்று.
ஒவ்வொன்றின் கழுத்திலும் நூல் கட்டிய சீட்டு.
ஒன்பது கிராம் குறைவு, ஸ்லிவென், சர்க்கரை.
பதினேழு குறைவு, உப்பு, ஊர் தெரியாது.
ஒருநாள் ராக்கியா ஊற்றிக்கொண்டு
எல்லாக் குறைவையும் கூட்டினோம்.
நாலே முக்கால் கிலோ.
"இதை ஒரு நாளைக்கு நூறு தடவை போடு,
அப்படி நாற்பது வருஷம் போடு" என்று ஆரம்பித்தவன்
பென்சிலைக் கீழே வைத்துவிட்டான்.

மே மாதம் வந்தது அந்த ஒரு கிலோக் கல்.
கறுத்த இரும்பு, தேய்ந்த வளையம்.
நிறுத்தான்.
துருவைச் சுரண்டிவிட்டு மறுபடி நிறுத்தான்.
ஆயிரத்துப் பன்னிரண்டு.
எவனோ மெனக்கெட்டு ஈயம் கூட்டி ஊற்றியிருக்கிறான்.
இத்தனை காலம் திருடர்களோடு குடித்தனம் செய்தவனுக்கு
வாசலில் வந்து ஒரு நல்லவன் கை கொடுத்தது போல
முகம் எப்படியோ ஆகிவிட்டது.
"கூட இருக்கிறது" என்றான், என்னிடமா தராசிடமா தெரியவில்லை.

மில்கா லேபிளிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்:
"அது விற்கிற கல் இல்லை. வாங்குகிற கல்.
ரோஜா பறிக்கிறவர்களிடம் இதழ் வாங்கும்போது வைப்பது.
கிலோவுக்கு நாலைந்து பூ சும்மா கிடைக்கும்.
என் அம்மா பறித்திருக்கிறாள்."

மேலே ஒரு லாரி போனது.
பாலம் அதிர்ந்து எங்கள் தலையில் தூசி கொட்டியது.

கேட்ட விலையைப் பேரம் பேசாமல் கொடுத்தான்.
சீட்டு எழுதவில்லை.
அலமாரியில் வைக்கவும் இல்லை.
கோட்டின் வலது பையில் கிடக்கிறது இன்றுவரை;
ஒரு பக்கம் சாய்ந்துதான் நடக்கிறான்.

மில்கா சொன்னது சரியாகத்தான் இருக்கும்.
அவனுக்கும் தெரியும்.
ஆனாலும் நேற்று செர்ரி வாங்கப் போன இடத்தில்
கடைப்பெண்ணின் மின்தராசில் அதை எடுத்து வைத்தான்.
சிவப்பு எண்கள் ஓடி நிற்கும்வரை காத்திருந்தான்.
"பாரம்மா, கூட இருக்கிறது."
"எதைவிட?" என்றாள் அவள்.
பின்னால் வரிசை நீண்டிருந்தது.