நான்கு மில்லிமீட்டர்

பெஸ்ட் பஸ் கண்டக்டர் டிக்கெட்டில் போடும் ஓட்டை மாதிரிதான்,
என்ன, இதில் ரத்தம் வரும்.
அடித்தளத்தில் என்னிடம் வந்து சேர்வது
ஃபார்மலின் புட்டியில் மிளகளவு ஜெபக்கனி.
வயது நாற்பத்தொன்று. இடது புறங்கால்.
சீட்டில் பெயரை மூன்று முறை எழுதி அடித்திருந்தார்கள்.
கடைசியில் கனி மட்டும்.

செவ்வாயன்று மெழுகில் இறக்கினேன், புதனன்று சீவினேன்.
நாடாவாய் வரும், மூச்சு விட்டால் பறந்துவிடும்.
வெந்நீரில் மிதக்கவிட்டுக் கண்ணாடியில் ஏந்தினால்
வெங்காயச் சருகுகூட இதைவிடக் கனம்.

முதல் சாயத்தில் எல்லோரும் ரோஸ் நிறம்.
மலபார் ஹில் ஆனாலும் தாராவி ஆனாலும்
ஊதாப் புள்ளி தெளித்த ரோஸ்.
கறுப்பைக் காண வேண்டுமென்றால்
வெள்ளி ஊற்ற வேண்டும்.
சிரிக்காதீர்கள், நிஜமாகவே வெள்ளி.
விலை ஏறியதிலிருந்து சூப்பர்வைசர் சொட்டு எண்ணுகிறார்.

ஓரத்தில், அடி வரிசையில், கரித்துகள்கள்
எட்டரை மணி லோக்கல் போல நெருக்கியடித்து.
பிறகு ஓரிடத்தில் நின்றுவிடுகிறது.
கூட்டம் இறங்கிய ஸ்டேஷன் எதுவென்று தெரியவில்லை.
அப்புறம் முழுக்கக் காலிப் பெட்டி.

சிவப்புச் சாயமும் போட்டேன், அந்த மற்ற நோய்க்காக.
நரம்பைச் சுற்றித் தேடினேன்,
எண்ணெய் லென்ஸில் கண் கரிக்கும்வரை
இன்னொரு முறை தேடினேன்.
ஒன்றுமில்லை.
சொல்லும் அதிகாரம் எனக்கில்லை.
டாக்டர் பருச்சா வெள்ளிக்கிழமைதான் கையெழுத்திடுவார்.

வியாழனே ஜன்னலில் வந்து நிற்கிறாள்.
மாட்டுங்கா மெஸ்ஸில் இலை போடும் வேலை.
முதலில் அவளுக்குத் தனி டம்ளர் வைத்தார்கள்.
இப்போது, பேப்பர் வந்தால்தான் உள்ளேயே.

"அதுவா அண்ணே?"
அதற்கு அவளும் பெயர் சொல்லவில்லை,
நானும் சொல்லவில்லை.
எட்டி அவள் கால்களைப் பார்த்தேன்.
இரண்டிலும் ஒரே கவட்டை வடிவம்,
வார் போகும் வழியெல்லாம் வெளுப்பு,
ஸ்கேல் வைத்துக் கோடிழுத்தது போல.
"இந்தச் செருப்பு எத்தனை நாளா?"
"அறுந்தா இதே நீலந்தான் வாங்குவேன். ஆறு வருசமா."

வெள்ளிக்கிழமை ஒன்றரை வரி வந்தது.
நிறமி அணுக்கள் இல்லை. கிருமி இல்லை.
அதன் கீழே தோல் டாக்டர் பேனாவில்:
ரப்பர் செருப்பு வேண்டாம்.

நாலாய் மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள்.
முதலாளியிடம் காட்டும்போது கசங்கியிருக்கக் கூடாதாம்.
பாதிப் படி ஏறித் திரும்பி வந்து கேட்டாள்:
"விட்டுரலாம் அண்ணே.
ஜூலையில எங்க சந்துல முழங்கால் தண்ணி நிக்குமே,
அப்ப எதைப் போட்டு நடக்க?"

நான் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.
அதுவும் ரப்பர்.