இனி வரும் பதிப்பில் நீக்கப்படும்

பதினெட்டு வருடத்துக்கு முன்
அந்த எச்சரிக்கையை நான்தான் எழுதினேன்:
இதைப் பயன்படுத்தாதீர்கள்.
இனி வரும் பதிப்பில் நீக்கப்படும்.

பதிப்புகள் வந்தன, நூற்றுப் பத்தொன்பது.
ஒவ்வொன்றிலும் அந்த 'இனி'
ஓர் அடி தள்ளி உட்கார்ந்துகொண்டது.

வேலை சின்னது.
வலைக்குள் போகும் முகவரியில் வெற்றிடம் ஆகாது;
இருந்தால் அங்கே சதவீதக் குறி, இரண்டு, சுழியம்.
எங்கள் ஊர் ஹெர்னோசாண்டின் பெயரில்
இரண்டு எழுத்தின் தலையில் இரட்டைப் புள்ளி.
ஒவ்வொன்றும் ஆறு துண்டாக உடைந்து
கம்பிக்குள் நுழையும்,
அந்தப் பக்கம் முழுசாக எழுந்து நிற்கும்.

அப்படி என்ன குற்றம் செய்தது?
கைப்பிடி வாங்கத் தெரியாது.
எந்த இணைப்பு, யாருடையது என்று சொல்லும் சீட்டு அது.
ஒரு சரம், அதன் நீளம், அவ்வளவுதான் பழையது கேட்கும்.
புதியது மூன்று கேட்கும்.
மூன்று கேட்பதுதான் ஒழுங்கு என்று
ஸ்டாக்ஹோம் போகும் இரவு ரயிலில்
குளிர்ந்த காப்பியோடு தீர்மானித்தேன்.

இன்று நவம்பர். மூன்று மணிக்கே இருட்டு.
ஊலுவிலிருந்து தாவெட்டி ஒரு திருத்தம் அனுப்பியிருக்கிறான்:
ஒன்பது வரி கழித்தல், கூட்டல் ஏதுமில்லை.
சோதனைகள் அத்தனையும் பச்சை.
வார்டோ துறைமுகத்தில் மீன் நிறுக்கும் தராசு மட்டும்
இன்னும் பழைய பெயரைத்தான் கூப்பிடுகிறதாம்;
அதற்கு நிரல் எழுதியவன்
இப்போது பேருந்து ஓட்டுகிறானாம்.
அது அவர்கள் பாடு.

அழிக்கும் முன் ஒருமுறை திறந்தேன்.
உள்ளே ஒன்றுமில்லை.
வந்தவரைப் புதியதிடம் அனுப்பிவைக்கும் ஒரே வரி,
கைப்பிடியின் இடத்தில் வெறுமை.
பின்னாலேயே போனேன்.
புதியது கைப்பிடியை வாங்குகிறது,
வாங்கி, பார்க்காமலே கீழே வைக்கிறது.
கம்பைலர் முணுமுணுக்காதிருக்க ஒரு வரி,
நாலு வருடம் முன்பு, என் கையெழுத்தில்:
இது இனித் தேவையில்லை.

அப்படியானால் உலகம் முழுக்க
என் பேச்சைக் கேட்டு மாறியவர்கள் எல்லாரும்
கிழிக்க ஆளில்லாத வாசலில்
சீட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.
ஆரம்பத்திலிருந்தே கேட்காதது
அந்த ஒன்றுதான்.

தாவெட்டிக்குப் பதில் போட்டேன்: இந்தப் பதிப்பில் வேண்டாம்.
ஏன் என்றான்.
எச்சரிக்கையில் ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருக்கிறது,
முதலில் அதைச் சரிசெய்கிறேன் என்றேன்.

செய்தேன்.
இனி வரும் பதிப்பில், நீக்கப்படும்.