ஆறாம் மாடி, மேற்குப் பக்கம்

பீற்றர்சன் லேனின் கடல் முனையில்
தகர வேலிக்குள் நிற்கிறது
நான் காசு கட்டிய வீடு.
வீடு என்று சொல்லக்கூடாது. தூண்கள், தட்டுகள்,
துருவேறிச் சிலிர்த்து நிற்கும் கம்பிகள்.
வேலியில் இன்னும் நீச்சல் குளத்துப் படம்;
அதில் சிரிக்கிற பெண்ணின் கழுத்துவரை
கொவ்வை ஏறிவிட்டது.

"இன்னிக்கும் வந்ததா, மிஸ்?"
வாச்சர் விஜேபால, தனக்குத் தெரிந்த தமிழில்.
கம்பனி அவருக்கும் எட்டு மாதச் சம்பளம் பாக்கி.
ஆனாலும் நேரத்துக்கு வருகிறார்,
சீனி வருத்தத்துக்கு
வேலியிலேயே இலை பறித்துச் சுண்டுகிறார்.
கொவக்கா என்பார். கொவ்வை என்பேன்.
முன்பாதி ஒன்றாகவே வந்து
பின்பாதியில் அவரவர் வீட்டுக்குத்
திரும்பிவிடுகிறோம்.

யாரும் நடவில்லை.
கொண்டைக்குருவி எங்கேயோ தின்று
இங்கே எச்சமிட்டிருக்கும்.
முற்பணம் இல்லை, நொத்தாரிசு முன்னால் கையெழுத்தில்லை.
சுருண்ட ஒரு பற்றுக்கையை நீட்டி
வெசாக் மழைக்கு முதலாம் மாடி,
தீபாவளிக்குள் நாலு.
நானோ பதின்மூன்று பவுணை விற்றுக் கட்டிவிட்டு
இன்னும் தரையில்.

இன்று விஜேபால
வேண்டுமென்றே தலையைத் திருப்பிக்கொண்டார்.
கைப்பிடி இல்லாத படிகளில்
சுவரோடு சுவராக ஏறினேன்.
வரைபடத்தை விரித்துப் பிடித்தபடி
இது கூடம், இது குளியலறை என்று நடந்து
குசினி யன்னல் வரவேண்டிய ஓட்டைக்குப் போனால்
அது எனக்கு முன்னமே வந்திருந்தது.
வெள்ளைப் பூ ஐந்தாறு,
வரியோடிய பச்சைக் காய்கள்,
ஒன்று மட்டும் பழுத்து, பாதி வெடித்து,
எறும்பு கண்டுபிடித்துவிட்ட சிவப்பு.

எறும்பை ஊதிவிட்டுத் தின்றேன்.
அப்படியொன்றும் இனிப்பில்லை.
வெள்ளரிக்காயை மழையில் மறந்து வைத்ததுபோல
ஒரு வழவழப்பு.
உதட்டுக்கு இதை உவமை சொன்ன புலவர்கள்
ஒருவரும் கடித்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

கீழே மாத்தறை றெயில் போனது.
கம்பிகள் கொஞ்ச நேரம் நடுங்கின.
கொடி நடுங்கவில்லை, அல்லது
நான் பார்க்கவில்லை.

என் வீட்டில் நான் சாப்பிட்ட முதல் சாப்பாடு.
விதையை எங்கே துப்புவது?
தரையில் துப்ப மனம் வரவில்லை,
அது வெறும் சீமெந்துதான் என்றாலும்.
நாக்கின் ஓரத்தில் ஒதுக்கிக்கொண்டு
ஆறு மாடியும் இறங்கினேன்.

"மிஸ், வீடு எப்படி?"

வாய் நிறைய விதை.
தலையை மட்டும் ஆட்டினேன்.