செங்கண்மாரி

இரவுக் கடமையின் மூன்றாம் மணிக்கு
கைபேசியில் ஒரு கண் வந்தது.
இடது கண்.
கீழிமையை விரலால் இழுத்துப் பிடித்து
பேர்கன் நகரத்துக் குளியலறை வெளிச்சத்தில்
எடுத்த படம்.

"மாமி, இது கண்ணோயோ?"

ஆரணன். ஒன்றுவிட்ட அண்ணனின் மகன்.
கார்த்திகை மழையோடு கரவெட்டிக்கு வந்து
பதினாறு நாள் நின்றவன்.

விரித்தேன், இன்னும் விரித்தேன்.
வெள்ளை விழி முழுக்கச் சிவப்பு,
சாயம் இறங்கின துணிபோல.
பீளை இல்லை. இமை ஒட்டவில்லை.
அழாமலே சிவந்த கண்.
மந்திகையில், இந்த வாட்டில்,
இந்த மாதம் பதினொரு முகத்தில் பார்த்தது.

ஏழாம் கட்டிலில் இராசமலர்.
களை பிடுங்கிவிட்டு நேராக வந்தவ,
கால்நகத்தில் இன்னும் சேறு.
போன வெள்ளி அவவின் கண் சிவப்பு,
இன்றைக்கு மஞ்சள்.

மஞ்சளுக்கு ஏன் செங்கண் என்று பேர் வைத்தார்கள்?
படிக்கிற காலத்தில் கேட்கத் தோன்றவில்லை.
எலிக்காய்ச்சலில் மட்டும்
அந்தச் சொல் கடைசி எழுத்துவரை மெய்.
மாரி முந்தி வந்தது,
செங்கண் பிந்தி.

எடுத்துக் கதைத்தேன்.
"கெண்டைக்கால் நோகுதோ?"
"படி ஏறேலாது மாமி."
"வெள்ளத்துக்கை இறங்கினியோ?"
சிரிக்கிறான். ஓட்டோ தள்ளினவனாம்.
நெல்லியடிக்குக் கீழே, முழங்கால் தண்ணீரில்,
செருப்பு வார் அறுத்த குதிக்காலோடு.
இன்றைக்குப் பன்னிரண்டாம் நாள்.

"டொக்டர் என்ன சொன்னவ?"
"வைரஸ் காய்ச்சலாம். பரசிட்டமோல்."
"எங்கை போனனி எண்டு கேட்கேல்லையோ?"
"பயணம் ஏதும் போனீங்களோ எண்டு கேட்டவ.
இல்லை எண்டனான்."
"ஏன்ரா?"
"மாமி, நான் ஊருக்குத்தானே வந்தனான்."

மின்விசிறி ஒருதரம் சுற்றி முடியும்வரை
எனக்குப் பேச்சு வரவில்லை.

தொடையில் கண்ணாடித் தம்ளரை அழுத்திப் பார் என்றேன்.
அழுத்தினான். ஒன்றும் தெரியவில்லை என்றான்.
எப்படித் தெரியும்?
எங்கள் பாடப் புத்தகத்துப் புள்ளிகள் எல்லாம்
வெளிறிய தோலில் எடுத்தவை.
இராசமலரின் கையிலும் காலிலும் தேடித் தோற்று
வாயைத் திறக்கச் சொன்ன பிறகுதான்
மேலண்ணத்தில் கண்டேன்,
கடுகிலும் சிறிய இரத்தப் பொட்டுகள்.
அவனையும் ஆவென்று திறக்கச் சொன்னேன்.
படம் கலங்கியது. பல் மட்டும் தெரிந்தது.

கண்ணை நம்பலாம்.
கண்ணுக்கு எல்லோரிடத்திலும் வெள்ளை.

"கடுதாசி எடு. எழுது.
வெள்ளம். வெறுங்கால். காயம்.
எத்தினை நாள். எலி.
எல்லாத்துக்கும் மேல, பெரிசா,
பயணம் எண்டு எழுது."
"யாழ்ப்பாணம் எண்டு போடவோ, இலங்கை எண்டு போடவோ?"
"ரெண்டையும் போடு.
சலம் போகுதோ?"
"காலமையிலிருந்து கொஞ்சம்தான்."
"அப்ப விடியட்டும் எண்டு நிக்காதை.
உந்தக் கடுதாசியோட இப்பவே போ."

மாடிப்படி ஒவ்வொன்றாக இறங்குகிற மூச்சு
கொஞ்ச நேரம் காதுக்குள் கேட்டது.
பிறகு கோடு அறுந்தது.

ஏழாம் கட்டிலின் அட்டையிலும்
பயணம் என்ற இடத்தில் இல்லை என்றிருக்கிறது,
என்னுடைய கையெழுத்துத்தான்.
வீட்டிலிருந்து வயலுக்குக் கால் கட்டை.
அந்த வாய்க்கால்தான்
நெல்லியடிப் பள்ளத்தில் போய் நிற்கும்.

இராசமலரின் சலப் போத்தலை
விளக்குக்கு நேரே பிடித்து அளவு பார்க்கிறேன்.
நாற்பது.
கடும் தேயிலைச் சாயம்.
எழுதிவிட்டுத் திரும்பினால்
அவ முழித்திருக்கிறா.
"ஆர் பிள்ளை போனிலை,
இந்த நேரத்தில?"