கறை

கோத்தகிரியில் என் பல் மருத்துவமனை.
வரவேற்பறையில் நூற்றறுபது லிட்டர் கடல்.

வெளியே ஒன்பது டிகிரி,
உள்ளே இருபத்தைந்தரை.
ஹீட்டரின் சிவப்புப் பொட்டு அணைந்தால்
லூர்து கதவைத் தட்டாமலே திறப்பாள்;
வாயில் பஞ்சோடு இருப்பவரும் திரும்பிப் பார்ப்பார்.

"கல்லா, செடியா, டாக்டர்?"
வீங்கிய கன்னத்தோடு பெள்ளி கேட்டார்.
பூச்சி என்றேன்.
பாதி வாயால் சிரித்தார்.

கொளத்தூரில் தொட்டியில் வளர்த்து,
வெட்டி, வில்லையில் ஒட்டி,
தெர்மோகோல் பெட்டியில் ரயிலேறி,
மேட்டுப்பாளையத்தில் பஸ் மாறி வந்த
மூன்று பவளத் துண்டுகள்.
ஒவ்வொன்றும் கடைவாய்ப் பல் அளவு.
அதனால்தான் வாங்கினேனோ என்னவோ.
சுண்ணாம்புச்சத்து கரைவதைப் பார்த்தே
பதினாறு வருடம் ஓடிவிட்டது.
அது கட்டப்படுவதையும் பார்க்க ஆசை.

வெளுத்தன.
முதலில் விளிம்பு, பிறகு நெற்றி.
வெள்ளைப் பல் வேண்டி என்னிடம் வருகிறார்கள்;
வெள்ளைப் பவளத்தை நான் யாரிடம் கொண்டுபோவேன்?

கால்சியம் ஒரு புட்டி. மெக்னீசியம் ஒரு புட்டி.
அயோடின், இருக்கிறதா என்று சந்தேகப்படும் அளவுக்கு.
விளக்கணைந்த பிறகு அமினோ அமிலம்,
கருவாட்டுக் கடை வாசம்,
ஐந்து சொட்டு என்று எழுதியிருந்தது.
பத்து விட்டேன்.
மறுவாரம் பதினைந்து.

பால் புட்டியோடு தூங்கவைத்துப்
பிள்ளையின் முன்பல்லைக் கரைத்த அம்மாக்களை
பகலெல்லாம் திட்டுகிறவள் நான்.

தண்ணீர் மோரானது.
கண்ணாடியில் பச்சை மயிர் முளைத்தது.
நுனிகள் தீய்ந்தன.

ஐப்பசியில் குஞ்சப்பனையில் மண் சரிந்தது.
அடுத்த புட்டிகள் கீழே, கூரியர் கடையில்,
ஒன்பது நாள்.
மின்சாரமும் இல்லை.
இன்வெர்ட்டர் இழுப்பது ஒன்றைத்தான்:
நாற்காலியா, அலையா?
மாத்திரை எழுதிக்கொடுத்து
எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினேன்.
லூர்து ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லாததைப் பதிவேட்டில் அழுத்தி எழுதினாள்.

அன்னபாக்கியம் மட்டும் போகவில்லை.
அரவேணுவிலிருந்து பாதி தூரம் நடந்து வந்தவர்.
பல்செட்டுக்கு அளவெடுக்கக் கரண்டு எதற்கு?
அச்சுப் பிசின் இறுகும்வரை வாய் மூடி
தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.
அந்தப் பிசினும் கடற்பாசிதான்.
சொல்லவில்லை, குமட்டுமே என்று.
துப்பிவிட்டுச் சொன்னார்:
"தலைமன்னார்லேருந்து கப்பல்ல கொண்டாந்தாங்க.
வாளிக்குள்ளயே தலை, ஒரே வாந்தி.
கடலைப் பாக்கவே இல்ல."
மறுபடி கண்ணாடியருகே குனிந்தார்.
"இவ்ளோதானா?"

பத்தாம் நாள் புட்டிகள் வந்தன.
உடனே திறக்கவில்லை.
சோதனைக் குழாயில் ஐந்து மில்லி,
சொட்டு சொட்டாக எண்ணினேன்.
நீலம். நீலம்.
ஆறாவதிலேயே மஞ்சள்.
எட்டு இருக்க வேண்டும்.
ஆக, பசி பொய்யில்லை;
என் கைதான் பொய்.
அந்தக் கருவாட்டு வாசப் புட்டியை
அலமாரியின் மேல்தட்டில் ஏற்றினேன்,
நாற்காலி போட்டால்தான் எட்டும்.
ஊசி கழற்றிய சிரிஞ்சில் கார நீர் இரண்டு மில்லி,
பம்பின் வாயருகே, மெதுவாக,
மரத்துப்போகும் மருந்தை ஈறில் ஏற்றும் வேகத்தில்.

ஒன்று செத்தது.
ஒன்று எப்படியென்று இன்னும் தெரியவில்லை.
மூன்றாவதன் விளிம்பில்
தை பிறந்த வாரம்
லேசாகப் பழுப்பு, டீ குடித்த பல்லைப் போல.

கை தன்னால் கருவியைத் தேடியது.
பிறகு சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.
டோக்கன் ஏழு, லூர்து கூப்பிட்டாள்.